பழைய காருக்கு எந்த எண்ணெய்? எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஊற்றும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் கார் இல்லாமல் வேலைக்குப் போவது பலருக்கு முடியாத காரியம். காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஷா ஆலாம் தொழிற்சாலைக்கோ, பந்திங்கிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கோ இரவு ஷிப்டுக்குப் போகிறவருக்கு ரயிலும் பேருந்தும் எல்லா நேரமும் கைகொடுப்பதில்லை. அதனால்தான் சேமிப்பில் கொஞ்சம், கடனில் கொஞ்சம் என்று திரட்டி, நம்மவர்கள் பழைய மைவியோ சாகாவோ வாங்குகிறார்கள்.

வாங்கிய வாரமே தெரிந்த போர்மேனிடம் காரை விட்டு, "மின்யாக் ஈத்தாம் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம். எந்த எண்ணெய், எவ்வளவு, கியர்பாக்ஸுக்கு என்ன ஊற்றினார் என்று கேட்பதில்லை. எஞ்சின் எண்ணெயில் நடக்கும் சிறு தவறு பெரும்பாலும் மெல்லத்தான் வெளியே தெரியும். ஆட்டோ கியர்பாக்ஸில் நடக்கும் தவறு அப்படிப் பொறுத்திருக்காது. அதைச் சரிசெய்யச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். கார் பட்டறையில் கிடக்கும் நாள்களில் வேலைக்குப் போவதும் சிக்கலாகும்.

இதைத் தவிர்க்க ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: எண்ணெயைத் தீர்மானிப்பது காரின் பெயர் அல்ல, அந்தக் கார் தயாரான ஆண்டும், அதில் உள்ள எஞ்சினும் கியர்பாக்ஸும்தான்.

முதலில் கையேடு

ஒவ்வொரு காருக்கும் உரிமையாளர் கையேடு உண்டு. எஞ்சின் எண்ணெயின் தரம், அளவு, கியர்பாக்ஸ் எண்ணெயின் பெயர், மாற்ற வேண்டிய கிலோமீட்டர் எல்லாம் அதன் கடைசிப் பக்கங்களில் அட்டவணையாக இருக்கும். பழைய கார் வாங்கும்போது கையேடு கைமாறாமல் போவது சகஜம். அப்படியானால் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் தேடலாம். அல்லது சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் கேட்கலாம். சேசிஸ் எண் உங்கள் கார் கிரான்டில் இருக்கும். "மைவி 1.3 ஆட்டோ" என்று மட்டும் சொன்னால் போதாது.

போத்தலில் உள்ள எண்கள்

எஞ்சின் எண்ணெய்ப் போத்தலின் முகப்பில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40 போன்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். இவை எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை. எண்ணெய் எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சொல்பவை அல்ல. 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன் உள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள எண், எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், 100 டிகிரி செல்சியஸ் அளவில், எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது.

நம் நாட்டில் அதிகாலையில் கூட உறைபனி விழுவதில்லை. ஆகவே நமக்கு முக்கியமானது பின்னால் உள்ள எண். கையேடு 20 என்றோ 30 என்றோ சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய எஞ்சின்களில் பேரிங் இடைவெளி மிகக் குறுகியது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வி.வி.டி. அமைப்பு எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. எண்ணெய் தேவைக்கு மேல் கெட்டியானால் அந்த அமைப்பு மந்தமாகும், எரிபொருள் செலவும் கூடும். தேவைக்கு மேல் இலகுவானால் உலோகங்களுக்கு நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலம் மெலிந்து தேய்மானம் வரும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஏ.பி.ஐ. தர முத்திரை. போத்தலின் பின்புறம் வட்ட வடிவில் இருக்கும். பெட்ரோல் எஞ்சினுக்கான தரம் 'எஸ்' எழுத்தில் தொடங்கும். இரண்டாவது எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பின்னால் வருகிறதோ, தரம் அவ்வளவு புதியது. எஸ்.என். 2010-இல் வந்தது, எஸ்.பி. 2020-இல் வந்தது. புதிய தரத்தைப் பழைய தரம் கேட்கும் காரில் ஊற்றலாம். எஸ்.என். கேட்கும் காரில் எஸ்.பி. ஊற்றினால் பாதகமில்லை. எஸ்.பி. கேட்கும் டர்போ காரில் மலிவாகக் கிடைத்தது என்று எஸ்.எஃப். ஊற்றக் கூடாது. 'சி' எழுத்தில் தொடங்கும் தரம் டீசலுக்குரியது. டீசல் பிக்காப் வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் காரும் காப்சாய் மோட்டார் சைக்கிளும் இருந்தால் ஒரே போத்தலில் இரண்டுக்கும் ஊற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான காப்சாயில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கும். கார் எண்ணெயில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் பொருள்களால் அந்தக் கிளட்ச் நழுவும். மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ எம்.ஏ. என்று குறித்த எண்ணெயே வேண்டும்.

மினரல், செமி, ஃபுல்லி சிந்தெடிக்

எண்ணெய் எதிலிருந்து தயாரானது என்பதை இந்தப் பெயர்கள் காட்டுகின்றன. வெப்பத்தைத் தாங்குவதிலும் மெதுவாகக் கெடுவதிலும் ஃபுல்லி சிந்தெடிக் முன்னிற்கிறது. நம் பட்டறைகளில் மினரல் எண்ணெயை ஏறக்குறைய 5,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்வார்கள். ஃபுல்லி சிந்தெடிக்குக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அது கணக்கு.

தோட்டத்திலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காருக்கு, மாதம் 300 கிலோமீட்டர்தானே என்று இரண்டு வருடம் எண்ணெயை மாற்றாமல் விடுவதுண்டு. குறுகிய தூரம் மட்டும் ஓடும் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் தினமும் நின்று நின்று நகரும் காரின் நிலையும் இதற்குக் குறைந்ததல்ல. மீட்டர் ஏறாவிட்டாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கையேடுகளில் 'கடுமையான பயன்பாடு' என்று தனியாகக் குறிப்பது இதைத்தான். அப்படி ஓடும் காருக்கு மாத கணக்கையே பின்பற்றுங்கள்.

ஃபுல்லி சிந்தெடிக்குக்குப் பணம் போதவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கையேடு அனுமதிக்கும் கெட்டித்தன்மையிலும் தரத்திலும் உள்ள செமி சிந்தெடிக்கைக் காலத்தோடு மாற்றுவது நல்ல பராமரிப்புதான். விலை உயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டு 20,000 கிலோமீட்டர் ஓட்டுவதுதான் எஞ்சினைக் கெடுக்கும்.

பழைய எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய் ஊற்றலாமா?

"கார் பழசு, 20டபிள்யூ-50 ஊத்துங்க, சத்தம் குறையும்" என்ற ஆலோசனை எங்கும் கேட்கும். தேய்ந்த எஞ்சினில் கெட்டி எண்ணெய் சத்தத்தையும் புகையையும் சில காலம் மறைக்கும் என்பது உண்மை. காரை விற்கும் முன் சிலர் அதை ஊற்றுவதும் அதனால்தான். வாங்குகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்றால் முதலில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். எண்ணெய் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் பாருங்கள். குறைவு சிறிது என்றால், கையேடு வெப்ப நாடுகளுக்கு அனுமதிக்கும் அடுத்த தரத்துக்கு, உதாரணமாக 5டபிள்யூ-30-இலிருந்து 5டபிள்யூ-40-க்கு, மாறிப் பார்க்கலாம். குறைவு அதிகம், புகைக்குழாயில் நீலப் புகை என்றால் வால்வு சீலையோ பிஸ்டன் ரிங்கையோ பார்க்க வேண்டும். அதை எண்ணெய் சரிசெய்யாது.

மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. சுழலும் கிராங்க் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும். நுரை உலோகத்தைக் காக்காது. எண்ணெய் பெரும்பாலும் 4 லிட்டர் போத்தலில் வருகிறது. பல சிறிய எஞ்சின்களுக்கு அது முழுதும் தேவையில்லை. மிஞ்சியதை எஞ்சினிலேயே ஊற்றிவிடாமல் வாங்கி வந்து காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயர், வேறு வேறு கியர்பாக்ஸ்

ஆட்டோ காரில்தான் பெரிய இழப்பு நேர்கிறது. ஹோண்டா சிட்டியை எடுத்துக்கொள்வோம். 2003-இல் இங்கு வந்த சிட்டி ஆட்டோவில் இருந்தது சி.வி.டி. அதற்கு ஹோண்டா சொன்னது எச்.எம்.எம்.எஃப். எண்ணெய். 2008 இறுதியில் வந்த அடுத்த சிட்டியில் வழக்கமான ஐந்து கியர் ஆட்டோ. அதற்கு ஏ.டி.எஃப். இசட்-1, பின்னாளில் அதன் இடத்தில் வந்த டி.டபிள்யூ-1. 2014 சிட்டியில் மறுபடி சி.வி.டி.; ஆனால் எண்ணெய் எச்.சி.எஃப்-2. பின்புறம் ஒட்டியிருக்கும் பெயர் மூன்றிலும் ஒன்றே. ஒன்றுக்குரிய எண்ணெயை இன்னொன்றில் ஊற்றினால் கியர்பாக்ஸ் பழுதாகும்.

நம் தேசியக் கார்களிலும் இதே கதைதான். 2016-இல் வந்த சாகா ஆட்டோவில் இருந்தது பெல்ஜியத்தின் பஞ்ச் நிறுவனத்தின் சி.வி.டி. 2019-இல் முகம் மாறி வந்த சாகாவில் ஹியுண்டாயின் நான்கு கியர் ஆட்டோ. பெரோடுவா மைவி 2005 முதல் நான்கு கியர் ஆட்டோவோடு வந்தது. 2021 நவம்பரில்தான் டி-சி.வி.டி.க்கு மாறியது. டொயோட்டா வியோஸ் 2016 இறுதியில் சி.வி.டி.க்குப் போனது. ஆகவே 2016 சாகாவும் 2020 சாகாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், "சாகா ஆட்டோ எண்ணெய்" என்று ஒன்று கிடையாது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? வழக்கமான ஆட்டோவுக்குள் காகிதம் போன்ற உராய்வுத் தகடுகள் உள்ள கிளட்சுகள் உண்டு. கியர் மாறும்போது அவை எவ்வளவு நழுவ வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதற்கு ஏற்ப ஏ.டி.எஃப். தயாராகிறது. சி.வி.டி.யில் இரும்புப் பட்டை ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடுகிறது. அழுத்தத்தில் உலோகம் உலோகத்தை நழுவாமல் பிடிக்க அந்த எண்ணெய் உதவ வேண்டும். ஏ.டி.எஃப். ஊற்றினால் பட்டை நழுவி, கப்பியின் முகத்தில் கீறல் விழும். விழுந்த கீறல் சரியான எண்ணெயை மறுபடி ஊற்றினாலும் மறையாது.

"எல்லா ஆட்டோவுக்கும் ஏற்றது" என்று எழுதிய ஏ.டி.எஃப். கடைகளில் கிடைக்கும். அதை வாங்குவதானால் போத்தலின் பின்புறப் பட்டியலில் உங்கள் கையேட்டில் உள்ள அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'பரிந்துரைக்கப்படுகிறது' என்பது எண்ணெய் நிறுவனத்தின் சொந்தச் சொல். 'அங்கீகரிக்கப்பட்டது' என்பது கார் நிறுவனம் சோதித்து ஒப்புக்கொண்டது. சந்தேகம் இருந்தால் கார் நிறுவனத்தின் சொந்த எண்ணெயையே வாங்குங்கள். கூடும் விலை, ஒரு கியர்பாக்ஸின் விலைக்கு முன் சிறிதுதான்.

ஆட்டோ எண்ணெயை மாற்றினால் கியர் போய்விடுமா?

"இத்தனை வருஷம் மாத்தாத எண்ணெயைத் தொடாதே, மாத்தினா கியர் ஏறாது" என்று சொல்பவர்கள் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. பல ஆண்டு எண்ணெய் மாற்றாத கியர்பாக்ஸில் உராய்வுத் தகடுகள் தேய்ந்து, அந்தத் தூள் எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் மெஷின் வைத்து அழுத்தத்தில் முழு எண்ணெயையும் தள்ளி மாற்றினால் அழுக்கு கிளம்பி வால்வுகளை அடைக்கலாம். ஏற்கெனவே சாகக் கிடந்த கியர்பாக்ஸ் அன்று நின்றுபோகும். பழி புதிய எண்ணெய் மேல் விழும்.

ஆகவே முதலில் பழைய எண்ணெயைப் பாருங்கள். புதிய ஏ.டி.எஃப். பெரும்பாலும் தெளிந்த சிவப்பு. பழுப்பாகியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை வந்து, டி-இல் போட்டதும் கார் இடித்து நகர்ந்தால் எண்ணெய் மாற்றுவதற்கு முன் அடித்தட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் உலோகச் சீவல் கிடந்தால் அந்தக் காரை வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கியாகிவிட்டது என்றால் பணத்தை எண்ணெயில் கொட்டாமல் கியர்பாக்ஸ் பட்டறையில் விலை கேளுங்கள். சி.வி.டி. எண்ணெய் எல்லாம் சிவப்பாக இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

எண்ணெய் பழுப்பாக, ஆனால் கியர் நன்றாக மாறினால் மெஷின் வேண்டாம். கீழ் நட்டைத் திறந்து வடித்து, வடிந்த அளவே புதியதை ஊற்றும் முறை போதும். இதில் மொத்த எண்ணெயில் பாதிக்கும் குறைவாகத்தான் பல கார்களில் வெளியேறும். மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஆகவே சில வாரம் ஓட்டிவிட்டு இன்னும் ஓரிரு முறை இதையே செய்ய வேண்டும்.

அளவு பார்க்கும் முறையும் காருக்குக் கார் மாறும். பல ஜப்பானியக் கார்களில் கியர்பாக்ஸ் சூடாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பி-இல் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல மாடல்களில் எஞ்சினை அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். பல புதிய கியர்பாக்ஸ்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. குறிப்பிட்ட வெப்பத்தில் வழியும் அளவை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். அதைக் கண்ணளவில் செய்ய முயல வேண்டாம்.

மேனுவல் கார் வைத்திருப்போருக்கு

பழைய கஞ்சில், விரா, சாகா மேனுவல் வைத்திருப்போர் கியர் எண்ணெய் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். போத்தலில் 75டபிள்யூ-90 என்று இருப்பதைக் கண்டு இது எஞ்சின் எண்ணெயைவிட மிகக் கெட்டி என்று அஞ்ச வேண்டாம். கியர் எண்ணெய்க்கு அளவுமுறையே வேறு. இது ஏறக்குறைய 10டபிள்யூ-40 எஞ்சின் எண்ணெயின் கெட்டித்தன்மைதான். முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஜி.எல்-4 என்றா ஜி.எல்-5 என்றா என்பது. ஜி.எல்-5 உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்லலாம். ஆனால் அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் சில பழைய மேனுவல் கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களை அரிக்கும். கையேடு ஜி.எல்-4 என்றால் ஜி.எல்-4.

வெள்ளத்தில் நனைந்த கார்

2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய பெருவெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அப்படி நனைந்த கார்கள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவதும் உண்டு. எண்ணெய் இதைக் காட்டிக்கொடுக்கும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. மேல் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்ணுரை, டிப்ஸ்டிக்கில் சுத்தமான எண்ணெய் என்றால் அது குறுகிய ஓட்டத்தால் படிந்த ஈரமாக இருக்கலாம்.

ஆட்டோ எண்ணெய் ஸ்ட்ராபெரி பால்போல் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் இன்னும் மோசம். வெள்ளநீர் காற்றுத் துளை வழியாக உள்ளே போயிருக்கலாம். அல்லது ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆட்டோ எண்ணெய்க் குளிரூட்டி ஓட்டையாகி இரண்டும் கலந்திருக்கலாம். உராய்வுத் தகடுகளை ஒட்டியிருக்கும் பசை தண்ணீரில் விட்டுப்போகும். எண்ணெயை எத்தனை முறை மாற்றினாலும் அது திரும்ப ஒட்டாது.

உரிமை மாற்றத்துக்குப் புஸ்பாகோமில் பி5 சோதனை முடிந்துவிட்டதே என்று இதில் நிம்மதி அடைய வேண்டாம். அந்தச் சோதனை காரின் அடையாளத்தையும் சாலைப் பாதுகாப்பையும் பார்ப்பது. கியர்பாக்ஸுக்குள் என்ன எண்ணெய் இருக்கிறது என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

போலி எண்ணெயும் ரசீதும்

புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலி எண்ணெய் அடைத்து விற்பதை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு கிள்ளான் பள்ளத்தாக்கில் பலமுறை பிடித்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக மலிவு, மூடி வளையம் உடைந்திருத்தல், லேபிள் எழுத்து மங்கல், போத்தலில் தயாரிப்பு எண் இல்லாமை ஆகியவை எச்சரிக்கைகள். பட்டறையில் மாற்றும்போது போத்தலை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலிப் போத்தலைக் கேட்டு வாங்கி மூடியை உடைத்துவிடுங்கள். அது மறுபடி நிரப்பப்படாது. நல்ல போர்மேன் இதற்குக் கோபிக்க மாட்டார்.

ரசீதில் "எண்ணெய் மாற்றம்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். எண்ணெயின் பெயர், தரம், லிட்டர், தேதி, கிலோமீட்டர் எல்லாம் இருக்க வேண்டும். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் வேலை செய்ய வேண்டும். தவறான எண்ணெயால் கியர்பாக்ஸ் கெட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். ஆனால் அங்கே உங்கள் பக்கம் பேசுவது அந்த ரசீதுதான்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள்

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுகிறவர்களும் உண்டு. செலவு மிச்சம்தான், ஆனால் வடித்த எண்ணெய் நம் சட்டப்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. 2020 செப்டம்பரில் ராவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த மாசினால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நின்று, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் வரவில்லை. வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு ஆற்றில் கலப்பது எதுவும் சிறிதல்ல என்பது தெரியும். பழைய எண்ணெயை அதே போத்தலில் அடைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. கையேட்டைத் தேடி எடுங்கள். எஞ்சின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய் இரண்டின் பெயரையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள்.

2. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளவையும் நிறத்தையும் பாருங்கள். எஞ்சின் எண்ணெய் கறுத்திருப்பது மட்டும் குற்றமல்ல. அழுக்கைத் தாங்குவது அதன் வேலை. குழம்புபோல் திரண்டிருந்தால்தான் கவலை.

3. முந்தைய உரிமையாளர் நேற்றுதான் மாற்றினேன் என்று சொன்னாலும், ரசீது இல்லையென்றால் ஃபில்டரோடு சேர்த்து எஞ்சின் எண்ணெயை மாற்றுங்கள். உள்ளே அழுக்குத் திரண்டிருந்தால் கடும் ஃப்ளஷ் மருந்து ஊற்றாதீர்கள். கிளம்பும் அழுக்கு எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். புதிய எண்ணெயை 2,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றினால் மெல்லச் சுத்தமாகும்.

4. கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்த்து, மேலே சொன்ன முறையில் முடிவு செய்யுங்கள்.

5. இரண்டு வாரம் கழித்து, இரவில் கார் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். சொட்டு விழுந்திருந்தால் எங்கிருந்து என்று கேளுங்கள்.

6. ஒரு சிறு நோட்டில் தேதி, கிலோமீட்டர், எண்ணெய்ப் பெயரை எழுதி காருக்குள் வையுங்கள்.

அந்த நோட்டு நாளை நீங்கள் காரை விற்கும்போதும் உதவும். முறையாக எழுதிய கணக்கு உள்ள காருக்கு வாங்குகிறவர் தயங்காமல் நல்ல விலை தருவார். அடுத்த முறை போர்மேனிடம் காரை விடும்போது தேநீர் சற்றுத் தள்ளிப் போகட்டும். போத்தலை எடுத்துப் பார்த்து, கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு போங்கள்.